கொர்னேலியஸ் நின்ற ஏழு வினாடி

கொர்னேலியஸ் கோயிலில் உட்கார்ந்தால், ஃபாதர் பிரசங்கத்தை முடிப்பதற்குள் பெஞ்சு இரண்டடி முன்னால் நகர்ந்திருக்கும் என்று தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டல் லைன் முழுக்கச் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். ஒன்றரை அடிக்கு மேல் இருக்காது. அவன் கல்யாணப் படத்தில் சில்வியா பளிச்சென்று நிற்கிறாள். பக்கத்தில் கோட்டுப் போட்ட புகை மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான் மாப்பிள்ளை.

வியாதி ஒன்றும் இல்லை. கால் ஓரிடத்தில் நிற்காது, அவ்வளவுதான். நின்றால் உள்ளங்கால் அரிக்கும், உட்கார்ந்தால் முழங்கால் துள்ளும், படுத்தால் கட்டில் முனகும்.

சுரங்கத்தில் இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பூமிக்குள்ளே ஒரு மைலுக்கும் கீழே இருபத்திரண்டு வருஷம் பம்பு ஆளாக இருந்தான். ஆறு பம்புகளையும் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒரு இரும்புக் கம்பியின் முனையை பம்பின் பேரிங்கில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பான். "மூணாவதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு" என்பான். பிரித்துப் பார்த்தால் கட்டித்தான் இருக்கும். ஷிஃப்டு முழுக்க அவன் நடந்த நடையில் பாறைத் தரையில் ஒரு வாய்க்காலே விழுந்து, தண்ணீர் அதன் வழியாகத் தானே வடிந்து, கம்பெனி ஒரு பம்பை நிறுத்திவிட்டது என்றுகூடக் கதை உண்டு.

தொண்ணூற்றைந்தில் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு சுரங்கத்தை விட்டு வெளியே வந்தான். அதற்குப் பிறகுதான் கால் அவனைப் படுத்த ஆரம்பித்தது. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தான். அவன் நடக்கும் வேகத்தைப் பார்த்து, புடவை எடுக்க வந்தவர்களுக்குத் தலை சுற்றியது. சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தான். இடைவேளைக்கு முன்பே எங்கோ போய்விட்டான். பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்து, விடிகாலை ரயிலில் ஆயிரம் பேரோடு போய் வந்தான். மூன்று மணி நேரம் உட்கார முடியுமா? பெட்டி பெட்டியாக நடந்தான். ஒரு வாரம் பெங்களூருக்கு ரயிலுக்குள்ளேயே நடந்து போய் நடந்து வந்த ஒரே ஆள் அவன்தான். எட்டாம் நாள் போகவில்லை.

மூன்று வருஷத்தில் ஏழு வேலை. சில்வியா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

எட்டாவதாக வந்தது, பேத்தமங்களா ரோட்டில் இருந்த அட்டை மில். வைக்கோலையும் கழிவுத் தாளையும் கூழாக்கி அட்டை செய்கிற மில். ஈர அட்டை பெரிய பெரிய இரும்பு உருளைகள் மேல் ஏறி இறங்கிக் காயும், உருளைகளுக்குள்ளே நீராவி. முதலாளி ஸ்ரீநிவாஸ் நீராவிக்கு உமியை எரித்தார், மோட்டார்களுக்கு மின்சார போர்டிடம் கரண்டு வாங்கினார். கரண்டு நின்றால் கூழ் தொட்டியிலேயே நாறும். அப்போதுதான் சர்க்கார் ஒரு திட்டம் அறிவித்தது. ஒரே நெருப்பில் கரண்டும் எடு, சூடும் எடு. மிஞ்சுகிற கரண்டை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். மெஷின் வாங்கச் சலுகையும் தருகிறோம் என்றது. ஸ்ரீநிவாஸ் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் சிரித்த முகமாகவே இருந்தாராம். பெரிய பாய்லர் ஒன்று போட்டார். மூடிப்போன ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து பழைய டர்பைன் ஒன்றையும் கொண்டுவந்தார்.

வேலை கிடைத்த அன்றைக்கு கொர்னேலியஸ் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே சில்வியாவுக்கு விளக்கினான்.

"இட்லிப் பானையில ஆவி வருது இல்ல? அது சும்மாதானே போவுது? போற வழியில ஒரு காத்தாடிய வச்சா சுத்தும். சுத்தினா கரண்டு. சுத்திட்டு மிச்சம் கீற ஆவிய இட்லிக்கு விடு. இட்லியும் வேகும். அதான் திட்டம்."

"காத்தாடி நின்னுபோனா?"

"இன்னாடி, ஆரம்பத்துலயே நின்னுபோனான்னு கேக்கற?"

"இட்லி வேகுமா வேகாதான்னு கேக்கறேன். நீங்க முதல்ல நில்லுங்க. மயக்கம் வருது எனக்கு."

அந்த வேலை அவனுக்காகவே செய்தது போல இருந்தது. டர்பைன் கூடத்தில் கால் மணிக்கு ஒரு முறை சுற்றி வந்து எண்ணெய், சூடு, அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். கொர்னேலியஸ் சுற்றுவதை நிறுத்தவே இல்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் சரத், "ஏனு கொர்னேலியஸ், மெஷினைவிட நீங்க ஜாஸ்தி சுத்தறீங்க. உங்கள்ல ஒரு ஒயர் கட்டினா கரண்டு வரும்" என்பார். பாய்லரைப் பார்த்துக்கொண்ட ஆபிரகாம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்காரர், நிதானமே உருவானவர். "அந்தக் கரண்டு நிக்காம வரும் சார். அணைக்கத்தான் முடியாது" என்பார்.

வேலை நிரந்தரம் ஆகவில்லை. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது, அதுவும் அவன் கையில் இல்லை. தொண்ணூற்றெட்டு மார்ச் முப்பத்தொன்று மாலை ஐந்து மணிக்குள், அதிகாரி முன்னிலையில், டர்பைன் எழுபத்திரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் அந்த வருஷத்துச் சலுகை. இல்லாவிட்டால் டர்பைனை வந்த வழியே அனுப்பிவிட்டுப் பழைய பாய்லருக்கே போய்விடுவேன் என்று ஸ்ரீநிவாஸ் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். டர்பைன் போனால் டர்பைன் ஆளும் போக வேண்டியதுதான். பிறகு இருப்பது அந்த விடிகாலை ரயில். அதை நினைத்தாலே கொர்னேலியஸுக்கு முழங்கால் துள்ளியது.

பிப்ரவரியில் ஒத்திகை ஓட்டினார்கள். இரண்டு முறை டர்பைன் தானாக நின்றது. இரண்டு முறையும் காரணம் ஒன்றே. சுரங்கத்துக்குள்ளே பாறை தாங்க முடியாமல் வெடிக்கும். மேலே ஊரே ஒரு உலுக்கு உலுக்கும். ராக் பர்ஸ்ட். டர்பைனில் ஒரு கருவி இருந்தது. அளவுக்கு மேல் அதிர்ந்தால் மெஷினை நிறுத்திவிடும். பூமி ஆடுகிறதா, மெஷின் ஆடுகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

வெளியூர்க்காரர்கள் ராக் பர்ஸ்ட் வந்தால் ஓடுவார்கள். ஊர்க்காரர்கள் ஓடமாட்டார்கள். இருந்த இடத்தில் நின்று, பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்து, மனசுக்குள் பத்து எண்ணுவார்கள். எண்ணி முடிப்பதற்குள் அடங்கிவிடும். எந்தச் சுரங்கக் குழியில் வெடித்தது என்று தெரிந்துகொள்ள "எந்த ஷாஃப்ட்டு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, விட்ட வேலையைத் தொடுவார்கள். தோசை திருப்பிக்கொண்டிருந்தவள் திருப்புவாள். சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் விட்ட வசவிலிருந்து தொடங்குவார்கள். கொர்னேலியஸின் கால் பிறந்ததிலிருந்து நின்றது என்றால், அந்தப் பத்து எண்ணிக்கைக்குத்தான்.

"சார்," என்றான் சரத்திடம், "இந்த ஊரு பூமி ஆடறது ஆடிக்கினேதான் இருக்கும். அந்தக் கருவிய கழட்டிப் போடுங்க. மெஷின் ஆடினா நான் சொல்றேன். இருபத்திரண்டு வருஷம் காதுலயே பேரிங் பார்த்தவன்."

சரத் யோசித்தார். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒயரைக் கழற்றி ஓரமாகச் சுருட்டி வைத்தார்.

மார்ச் இருபத்துநான்கு காலை பத்து மணிக்கு ஓட்டம் தொடங்கியது. மின்துறையிலிருந்து வந்த அதிகாரியம்மா, கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர், மில் ஆபீசில் உட்கார்ந்து மணிக்கொரு தரம் எழுதினார். கொர்னேலியஸ் வீட்டுக்குப் போகவே இல்லை. சில்வியா தூக்கில் சோறு கொண்டுவந்தாள், சுற்றும்போதே தின்றான். ஒரு வாய் எண்ணெய்த் தொட்டி அருகே, அடுத்த வாய் அழுத்தம் காட்டும் கேஜ் அருகே. மூன்று சுற்றில் ஒரு சாப்பாடு.

இருபத்தேழாம் தேதி காலை ஏழு மணி. அறுபத்தொன்பது மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் மூன்றே மணி. ஆபிரகாம் ஒரு பெட்டியின் மேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டு நின்றார். தரை நடுங்கியது.

ஆபிரகாமின் கை சுவருக்குப் போனது. வாசலில் உமி அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேர் கூடையோடு நின்றார்கள். கொர்னேலியஸும் நின்றான். உள்ளங்கை சுவரில். பேரிங் கேட்கும் கம்பி இன்னொரு கையில், தரையைப் பார்த்துத் தொங்கியது. பத்து எண்ணினான்.

"எந்த ஷாஃப்ட்டு?" என்றார் ஆபிரகாம்.

"நந்திதுர்க் பக்கமா இருக்கும்" என்றான் வாசலில் நின்றவன்.

கொர்னேலியஸ் பெட்டி மேலிருந்த டீயைப் பார்த்தான். டீயில் சின்னச் சின்ன வட்டங்கள். எண்ணி முடித்தாகிவிட்டது, வட்டங்கள் நிற்கவில்லை. மறுபடி எண்ணினான். அப்போதும் நிற்கவில்லை. கிளாஸ் மெதுவாக விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, கோயில் பெஞ்சு மாதிரி.

"ஐயோ, இது பூமி இல்ல!"

பேரிங்கில் கம்பியை வைத்தான். வைத்த வேகத்தில் காதை எடுத்தான். உள்ளே எலும்பு அரைபடுகிற மாதிரி சத்தம். சரத்தைக் கூப்பிட நேரமில்லை. மெஷினை நிறுத்தும் சிவப்பு லிவரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

டர்பைன் முனகி, முனகி, நின்றது. மில்லில் இருந்த ஒவ்வொரு மோட்டாரும் அதன் பின்னாலேயே நின்றது. அவ்வளவு அமைதியை அந்த மில் கண்டதே இல்லை. ஆபீசிலிருந்து ஸ்ரீநிவாஸின் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு அவரே.

"யாரு நிறுத்தினது?"

"நான்தான், சார்."

"மூணு மணி நேரம்தான்யா பாக்கி! மூணு மணி நேரம்! ஊரெல்லாம் உங்களைச் சொல்லுச்சு, ஒரு இடத்துல நிக்கமாட்டான்னு. நான்தான் கேக்கல. போங்க. வெளிய போங்க!"

கொர்னேலியஸ் போகவில்லை. போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. டர்பைனைச் சுற்றி வந்துகொண்டே இருந்தான். சரத் பேரிங்கைப் பிரித்தார். எண்ணெய் வடிகட்டியில் உமித் தூசி அப்பியிருந்தது. எண்ணெய் ஏறாமல் பேரிங் உலோகம் வெண்ணெய் மாதிரி வழிந்திருந்தது.

"இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடியிருந்தா," என்றார் சரத், "டர்பைனோட ஷாஃப்டே போயிருக்கும் சார். அப்புறம் மார்ச் இல்ல, அடுத்த மார்ச்சும் இல்ல."

அதிகாரியம்மா குனிந்து பேரிங்கைப் பார்த்தார். பிறகு ஓரமாகச் சுருட்டி வைத்திருந்த ஒயரைப் பார்த்தார்.

"அதிர்வுக் கருவியைக் கழற்றியது யார்?"

சரத் வாயைத் திறப்பதற்குள் கொர்னேலியஸ் முந்தினான். "நான் சொல்லித்தான், மேடம். பூமி ஆடறதுக்கு மெஷின் நிக்குதேன்னு சொன்னேன். அப்புறம் மெஷின் ஆடறப்போ பூமின்னு நினைச்சி நின்னுட்டேன். ரெண்டு தப்பும் என்னுதுதான்."

"கருவி இல்லாமல் ஓடும் ஓட்டத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் அதிகாரியம்மா. "மாட்டுங்கள். முதலிலிருந்து ஓட்டுங்கள். முப்பத்தொன்று ஐந்து மணி வரை இருப்பேன்."

கணக்குப் போட்டுப் பார்த்தால், மறுநாள் மாலைக்குள் கிளப்பினால்தான் உண்டு. சரி, பேரிங்குக்கு மாற்று இருந்தது. ஆனால் கருவியை மாட்டினால், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு ராக் பர்ஸ்ட் வந்தால் போதும், எல்லாம் போயிற்று. பூமியிடம் மூன்று நாள் சும்மா இரு என்று யார் போய்ச் சொல்வது?

சரத்துக்குத்தான் வழி தோன்றியது. கருவிக்கும் டர்பைனுக்கும் நடுவே காலம் தாழ்த்துகிற ஒரு ரிலே வைக்கலாம். அதிர்வு வந்ததும் சிவப்பு விளக்கு எரியும். குறித்த வினாடிகளுக்கு மேலும் நீடித்தால்தான் மெஷின் நிற்கும். பூமி என்றால் அதற்குள் அடங்கிவிடும்.

"எத்தனை வினாடி வைக்கறது? ராக் பர்ஸ்ட் எவ்வளவு நேரம் ஆடும்?"

"பத்து எண்ணற நேரம்" என்றான் கொர்னேலியஸ்.

"எண்ணுங்க, பார்க்கலாம்." சரத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொர்னேலியஸ் எண்ணினான். மூன்றரை வினாடி.

"இன்னாய்யா அது, ரயில் புடிக்கவா போற?" என்றார் ஆபிரகாம். "நான் எண்ணறேன்." அவர் எண்ணினார். ஆறாவது எண்ணில் தொண்டையைச் செருமிக்கொண்டார். பதினான்கு வினாடி.

சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்ற சில்வியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து பதினைந்து வருஷம் நாடி எண்ணியவள். அவள் ஒன்று என்றால் ஒரு வினாடி.

"எங்கூட்ல ஒவ்வொரு வாட்டியும் நான்தாங்க சத்தமா எண்ணுவேன், புள்ளைங்க பயப்படாம இருக்க" என்றாள். "ஏழைத் தாண்டினது இல்ல. ஏழுல நின்னுடும்."

சரத் எட்டு வைத்தார். அதிகாரியம்மா ஒத்துக்கொண்டார், கூடவே ஒன்று சேர்த்தார். "சிவப்பு லிவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். நடக்கக் கூடாது."

எல்லோரும் கொர்னேலியஸைப் பார்த்தார்கள். ஆபிரகாம் பாய்லரைவிட்டு வரமுடியாது. சரத்தும் அவனும்தான் மாற்றி மாற்றி நிற்க வேண்டும்.

"மெஷினை நிறுத்தினவரே நிக்கட்டும்" என்றார் ஸ்ரீநிவாஸ். அது தண்டனையா, மன்னிப்பா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இருபத்தெட்டாம் தேதி மாலை நான்கு மணிக்கு மறுபடி கிளம்பியது. அந்த மூன்று நாளை எப்படிச் சொல்வது? முதல் நாள் உள்ளங்கால் அரித்தது. செருப்பைக் கழற்றிச் சிமெண்டில் தேய்த்தான். இரண்டாம் நாள் ஒரு காலில் நின்றான், பிறகு மறு காலில். கொக்கு பார்த்திருந்தால் பாடம் கற்றிருக்கும். தொடை தானாகத் துடித்தது. தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தின் முள்ளோ அவனைப் பழிவாங்குகிற மாதிரி நின்று நின்று போனது. உமி கொட்டுகிற சத்தம் கேட்டால் பூமியோ என்று திடுக்கிட்டான். லாரி வந்தால் திடுக்கிட்டான். ஆபிரகாம் தும்மினால்கூடச் சிவப்பு விளக்கைப் பார்த்தான்.

"கொஞ்சம் உக்காருங்களேன்" என்றாள் சில்வியா முப்பத்தொன்றாம் தேதி மதியம், சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்துக்கொண்டே.

"உக்காந்தா காலு எங்கயாச்சும் போய்டும். நின்னா எம்முன்னாடியே கீது. பார்த்துக்கலாம்."

"இது போச்சுன்னா போவட்டும். ரயிலுக்கு நானும் கூட வரேன். நடந்துக்கினே போலாம்."

மூன்று வருஷமாக ஒன்றும் சொல்லாதவள் அப்போதுதான் சொன்னாள். கொர்னேலியஸ் அடுத்த உருண்டைக்குக் கையை நீட்டினான்.

மணி ஒன்றரை இருக்கும். சரத் அப்போதுதான் மாற்றிவிட வந்து லிவர் பக்கத்தில் நின்றார். தரைக்கு அடியிலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு அடி. ஜன்னல் கண்ணாடி கலகலத்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

சரத்தின் கை லிவருக்குப் பாய்ந்தது. போன வாரம் பார்த்த பேரிங் அவர் கண்ணில் நின்றது; குற்றம் சொல்ல முடியாது. கொர்னேலியஸ் அந்த மணிக்கட்டைப் பிடித்தான். மறு உள்ளங்கையைச் சுவரில் வைத்தான். வேகமாக எண்ண வாய் துடித்தது. சில்வியா தன் மணிக்கட்டிலேயே நாடியைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தாள். அவள் உதட்டைப் பார்த்து, அவள் வேகத்துக்கு எண்ணினான்.

மூன்று. விளக்கு அணையவில்லை. நான்கு. சரத் கையை இழுத்தார். "விடுங்க, கொர்னேலியஸ்!" ஐந்து. "ஸ்வல்ப இருங்க சார்." ஆறு. ஆபிரகாமின் கிளாஸில் டீ வட்டம் வட்டமாக. கொர்னேலியஸின் காலில் ஒரு நரம்புகூட அசையவில்லை.

ஏழு.

டீ அடங்கியது. விளக்கு அணைந்தது. டர்பைன் ஒன்றும் நடக்காத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு சரத், பெங்களூர்க்காரர், கேட்டார்: "எந்த ஷாஃப்ட்டு?"

ஆபிரகாம் சிரித்த சிரிப்பில் பாய்லர் அழுத்தம் இரண்டு கோடு ஏறியது என்பார்கள். அதிகாரியம்மா கேட் வரை ஓடியிருந்தார்; மூச்சு வாங்கத் திரும்பி வந்து, டர்பைன் ஓடுவதைப் பார்த்து, எழுதினார். தான் ஓடியதை எழுதவில்லை. மாலை நான்கு மணிக்குக் கையெழுத்தும் போட்டார்.

ஏப்ரலில் கொர்னேலியஸின் வேலை நிரந்தரம் ஆனது. நிரந்தர ஆளுக்கு மில்லில் ஒரு நாற்காலி உண்டு. ஸ்ரீநிவாஸே புதிதாக வாங்கி, பின்பக்கம் பெயிண்டால் பேர் எழுதி, டர்பைன் கூடத்தில் போட்டார். கொர்னேலியஸ் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். தூக்கிக்கொண்டு போய் ஆபிரகாமிடம் கொடுத்துவிட்டு, கம்பியை எடுத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிட்டான்.